இன்னொரு டிசைன் காட்டட்டுமா?

இன்று அடையாறு பஸ்ஸில் தோழி ஒரு இயர்போனை என் காதில் செருகினாள். "நம்ம ஊரு மெட்டல் பேண்டு. முகமூடி போட்டுக்கினு பாடுவாங்க. பயப்படாம கேளு."

தொண்டையைக் கிழிக்கும் உறுமல். ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை.

பாட்டின் கடைசியில், உறுமிய அதே ஆள் இயர்போனுக்குள் மென்மையாகக் கேட்டார்: "அக்கா, இன்னொரு டிசைன் காட்டட்டுமா?"

தி.நகரில் புடவை விற்கும் என் சித்தப்பாவின் குரல்.

சினிமாப் பாட்டைச் சத்தமாக வைத்தாலே அப்பா திட்டுவார். இது தெரிந்தால் சித்தப்பா எங்கள் வீட்டில் இருக்க முடியாது.

ராத்திரி சாப்பிடும்போது சித்தப்பாவுக்குத் தொண்டை கட்டியிருந்தது. அம்மா மிளகுக் கஷாயம் கொடுத்தாள். "பாவம், கடையில கத்திக் கத்தியே தொண்டை போச்சு."

"ஆமா அண்ணி."

போர்வைக்குள் முழு ஆல்பத்தையும் கேட்டுவிட்டேன். கடைசிப் பாட்டு ரொம்ப நன்றாக இருக்கிறது. அதை அவரிடம் எப்படிச் சொல்வது?