கரண்டியால் தோண்டிய குழிகள்

சுவிஸின் துன் நகர முதியோர் இல்லத்தில் நான் பராமரித்த அந்த ஆங்கிலேயருக்குத் தொண்ணூறு தாண்டியிருந்தது. நீண்ட கால்கள், ஆனால் நடக்க முடியாது. சாப்பாட்டு மேசையிலிருந்து கரண்டியைத் திருடிக்கொண்டு, சக்கர நாற்காலியை உருட்டித் தோட்டத்துக்குப் போய்விடுவார்.

"அண்ணை, அந்தாள் திரும்பவும் பூப்பாத்தியைக் கிண்டுது, ஓடி வாங்கோ!" என்று சமையலறையில் வேலை செய்யும் தமிழ்ப் பெண் கத்துவாள்.

நாற்காலியில் இருந்தபடியே குனிந்து இரண்டு குழி தோண்டுவார். அவருடைய தகப்பன் முதலாம் உலகப் போருக்கு முன்பு பெயர்பெற்ற ஓட்டக்காரர். அந்தக் காலத்தில் ஓடுபவர்கள் காலை ஊன்றத் தாங்களே மண்ணில் குழி தோண்டிக்கொள்வார்களாம். போரிலிருந்து திரும்பி ஓடப்போன அன்று, ஓட்டத்தைத் தொடக்கும் துப்பாக்கி வெடித்ததும் தகப்பன் தலையைப் பொத்திக்கொண்டு நிலத்தில் விழுந்துவிட்டார். சனம் சிரித்தது. அதற்குப் பிறகு ஓடவேயில்லை.

ஒருநாள் என் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஆங்கிலத்தில் கெஞ்சினார்.

"துவக்கு வேண்டாம். நீங்கள் கையைத் தட்டுங்கோ. அப்பா ஓடுவார்."

தட்டினேன்.

"எழும்பிட்டாரோ?"

"ஓம், ஓடுறார்" என்றேன்.

ஆகஸ்ட் முதலாம் திகதி, சுவிஸ் தேசிய நாளுக்கு வாணம் வெடிக்கத் தொடங்கினால், வன்னியிலிருந்து வந்த நான் இன்னமும் கட்டிலுக்குக் கீழேதான் கிடக்கிறேன்.