ரப்பர் கழுத்தும் தேங்காய் எண்ணெயும்

மகள் அனுப்பிய டைவிங் சாமான் பட்டியலை மூன்று தரம் படித்தும் எனக்குத் தலைகால் புரியவில்லை. மிதப்பதற்குக் காற்று, தாழ்வதற்கு ஈயக் கட்டிகள். முதலில் இரண்டில் ஒரு முடிவுக்கு வரக்கூடாதா? சுவிஸில் இந்தத் துன் ஏரியை இருபது வருடமாக ஹோட்டல் சமையலறை யன்னலால் பார்த்து வருகிறேன். அதற்குள் இறங்கவேண்டும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

பெரிய குழப்பம் அதுவல்ல. அவள் ஏன் என்னைக் கூப்பிட்டாள்? இரண்டு வருடங்களுக்கு முன் அவள் மருத்துவப் படிப்பைப் பாதியில் விட்டாள். நான் 'ஏன், ஏன்' என்று கேட்டே அவளை வீட்டை விட்டுத் துரத்தினேன் என்பாள் மனைவி. நொஷாட்டல் நகரத்துக்குப் போனவள் நத்தார்ப் பண்டிகைக்கு மட்டும் வந்து, சாப்பிட்டுவிட்டுப் போனாள். பிறகு கோடை முடியும் நேரம் திடீரென்று ஒரு அழைப்பு: "அப்பா, என்னோட டைவிங் பழக வாறீங்களோ?"

ஓம் என்றேன். மாதக்கணக்கில் நீச்சல் தடாகத்தில் மூக்கால் தண்ணீர் குடித்துப் பழகினேன். மாசி மாதத்து ஞாயிறு ஒன்றில் முதல் தரம் ஏரிக்குள் போவதாக ஏற்பாடு. இதைக் கெடுத்தால் இன்னொரு தரம் கூப்பிடமாட்டாள் என்று பயமாக இருந்தது.

அதற்கு முதல்நாள் தொலைபேசியில் திட்டத்தை வாசித்தாள். எவ்வளவு ஆழம், எத்தனை நிமிடம், எந்தக் கைச்சைகைக்கு என்ன அர்த்தம். கடைசியாக ஒரு விதி: ஒருவர் திரும்புவோம் என்று காட்டினால் மற்றவரும் திரும்பவேண்டும், காரணம் கேட்கக்கூடாது.

"கேக்காட்டி எப்பிடித் தெரியும்?"

"தெரியத் தேவையில்லை அப்பா."

இது என்ன விதியோ என்று நினைத்தபடி உடுப்பைப் போட்டுப் பார்த்தேன். உடம்பில் தண்ணீர் படாத உலர் உடை, பழையதாக வாங்கியது. அதன் ரப்பர் கழுத்து என் தலையைத் தாண்டி இறங்க மறுத்தது. இரண்டு காதும் கழன்றுவிடும் போலிருந்தது. "மார்கழியில குளிக்கவே அழுற மனுசன்!" என்று மனைவி சிரித்தாள். எனக்குக் கோபம் வந்தது. எண்ணெய் வைக்காமல் தண்ணீரில் இறங்குகிறவர்களா நாங்கள்? தேங்காய் எண்ணெய்ப் போத்தலை எடுத்து ரப்பருக்கும் என் கழுத்துக்கும் தாராளமாகப் பூசினேன். வழுக்கிக்கொண்டு இறங்கியது. என் மூளையை நானே மெச்சி, இன்னொரு பூச்சும் பூசி, ஹீற்றருக்குப் பக்கத்தில் தொங்கவிட்டேன்.

காலையில் ஏரிக்கரையில் உடுப்பை இழுத்தபோது ரப்பர் ஊறி, பிசுபிசுத்து, அப்படியே கிழிந்தது. பயிற்சி தரும் சுவிஸ்காரி மோந்து பார்த்து, ரப்பருக்கு எண்ணெய் நஞ்சு, பவுடர்தான் போடவேண்டும், இன்று இறங்க முடியாது என்றாள். இவ்வளவு படித்தும் அது எனக்குத் தெரியவில்லை.

மகள் முழுதாக உடுத்து, முகமூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். நான் வாயைத் திறக்குமுன் முதுகுச் சிலிண்டரை இறக்கி வைத்தாள்.

"நீ போ பிள்ளை. அவவோட இறங்கு. நான் கரையில இருக்கிறன்."

"நீங்கள் திரும்பினால் நானும் திரும்பவேணும். அதுதானே திட்டம்?"

"எண்ணெய் ஏன் பூசினன் எண்டால்..."

"நான் கேக்கேல்லையே அப்பா."

எனக்கு முகம் சுட்டது. பக்கத்தில் வந்து குந்தினாள். வெந்நீர்ப் போத்தலில் கொண்டுவந்த தேநீரை ஊற்றிக் கொடுத்தேன். ஏன் படிப்பை விட்டாய், ஏன் என்னைக் கூப்பிட்டாய் என்ற இரண்டு கேள்வியும் நாக்கு நுனியில் வந்து நின்றன. தேநீரோடு சேர்த்து விழுங்கினேன்.

"அடுத்த ஞாயிறு பவுடர் கொண்டு வாறன்," என்றேன்.

"ஓம்," என்றாள்.