முன் ரயரில் வெண்கட்டிக் கோடு

அப்பாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, ஒரு கார் பற்றரியைச் சார்ஜரில் இருந்து கழற்றியது. சனிக்கிழமை காலை, வெள்ளவத்தையில் எங்கள் மூன்றாம் மாடி பல்கனி. பற்றரியில் 12.7 வோல்ற்று நின்றது. வியாழன் இரவு அவர் அதைக் கொண்டுவந்தபோது 10.4.

"கறுப்பை முதல் எடு, பிள்ளை."

"தெரியும் அப்பா. எனக்கு டிப்ளோமா இருக்கு."

"டிப்ளோமாக்கு விரல் எரியாது."

அவருடைய விரல் எரிந்திருந்தது. வேலைக்கு வந்த முதல் வருடம் மோதிரத்தோடு ஸ்பேனர் பிடித்தார். ஸ்பேனர் பற்றரியின் இரண்டு முனைகளையும் தொட்டது. மோதிரம் சிவந்தது. கழற்றியபோது தோலும் சேர்ந்து வந்தது. 2009இல் இன்னொரு பற்றரி முகத்துக்கு நேரே வெடித்தது. கண் தப்பியது. இடது காது போனது.

அப்பாவின் பெயர் சிவபாலன். கொட்டாஞ்சேனையில் ஒரு கார் விற்பனை நிலையத்தில் பத்தொன்பது வருடம் வேலை செய்தார். விற்பனைக்கு நிற்கும் வாகனங்களின் பற்றரி இறங்காமல் பார்ப்பதுதான் வேலை. பூட்டி நிறுத்திய காரும் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரம் குடிக்கும். அலாரம் குடிக்கும், கதவுப் பூட்டு குடிக்கும். ஒன்றரை மாதம் நின்றால் சின்னப் பற்றரி செத்துவிடும். ஹைபிரிட் காராக இருந்தால் கதவுகூடத் திறக்காது. அங்கே நாற்பத்தியிரண்டு வாகனங்கள் நின்றன. அப்பா ஒவ்வொரு நாளும் ஏழு வாகனங்களைப் பார்ப்பார். ஒருநாளும் தவறவில்லை. அம்மா இறந்து எட்டாம் நாள் சடங்கன்றுகூட மத்தியானத்துக்குப் பிறகு போனார்.

அவர் எழுதி வைக்கக் கொப்பி வைத்திருக்கவில்லை. ஒரு காரின் பற்றரியைக் கழற்றினால் முன்பக்க வலது ரயரில் வெண்கட்டியால் குறுக்கே ஒரு கோடு போடுவார். பற்றரி திரும்பப் பூட்டியதும் அழிப்பார். அங்கே எல்லோருக்கும் அது தெரியும். நான் தொலைபேசி நிறுவனம் ஒன்றில் பற்றரி அறைகளைப் பராமரிக்கிறேன். எங்களிடம் ஒவ்வொன்றுக்கும் பதிவு உண்டு. எழுதி வையுங்கோ என்று பலமுறை சொன்னேன்.

"எழுதினா ஆர் வாசிக்கிறது? ரயரை எல்லாரும் பாப்பினம்."

அந்த வியாழக்கிழமை ஒரு வெள்ளை ஹைபிரிட்டின் பற்றரி அங்குள்ள சார்ஜரில் ஏறவில்லை. எறிய அவருக்கு மனமில்லை. என் சார்ஜர் மெல்ல மெல்ல ஏற்றி மீட்கும். ரயரில் கோடு போட்டுவிட்டு, பற்றரியைத் துணிப்பையில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தார். மனேஜர் கார்த்திகன் அன்று லீவு. யாரிடமும் சொல்லவில்லை. கோடு போட்டால் சொன்ன மாதிரித்தான் என்பது அவர் கணக்கு.

சனிக்கிழமைகளில் ஆட்கள் கார் பார்க்க வருவார்கள். அதனால் வெள்ளி பின்னேரம், அப்பா போன பிறகு, அங்கே வேலை செய்யும் ராசிக் எல்லாக் கார்களையும் கழுவினார். ரயர்களுக்குக் கறுப்புப் பொலிஷ் போட்டார். ராசிக்குக்கு நாற்பது வயது. கொலன்னாவையில் வீடு. காலையில் கேற் திறப்பதும் அவர்தான். அந்தக் கோட்டைக் கவனிக்காமல் தன் கையாலேயே அவர் அழித்தார்.

சனிக்கிழமை அப்பா தொலைபேசியை வீட்டில் மறந்துவிட்டு வந்தார். வேலையிடத்திலிருந்து நான்கு அழைப்புகள் வந்திருந்ததை இரவுதான் பார்த்தேன். நான் பற்றரியைத் தூக்க, இருவரும் ஓட்டோவில் விற்பனை நிலையத்துக்குப் போனோம். பத்தரை மணி இருக்கும்.

உள்ளே ராசிக்கைத் தூணோடு கட்டியிருந்தார்கள். கயிறு இல்லை, ஒரு பற்றரியிலிருந்து இன்னொன்றுக்கு மின்சாரம் கொடுக்கும் ஜம்பர் வயர். அதன் சிவப்புக் கிளிப்பை அவருடைய காதில் கடிக்க விட்டிருந்தார்கள். காதுமடல் கிழிந்து தொங்கியது. ஒரு கண் மூடிப்போயிருந்தது. தரையில் தண்ணீர், அதில் ஒரு பல். கார்த்திகனின் கையில் வீல் ஸ்பேனர்.

"பாலண்ணை, வந்திட்டீங்களா? போன மாசம் ரெண்டு பற்றரி களவு போச்சு. இப்ப மூண்டாவது. கஸ்டமருக்கு முன்னால கார் கதவு திறக்கேல்ல, சாவி போட்டுத் திறந்தா பற்றரி இல்ல. கேற்றுத் திறப்பு இவன்ட கையில. கள்ளப் பயல்!"

"அல்லாஹ் மேல ஆணை, நான் எடுக்கல்ல. பாலண்ணே, நீங்க உண்மையச் செல்லுங்க!"

கார்த்திகன் ராசிக்கின் முழங்காலில் அடித்தான். எலும்பு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது.

"டேய், விடடா! கழட்டினது நான். இந்தா பற்றரி!"

அப்பா ஓடினார். கார்த்திகன் அடுத்த அடிக்குக் கையை ஓங்கியிருந்தான். அப்பா இடையில் புகுந்தார். ஸ்பேனர் இடது பக்கத்திலிருந்து வந்தது. நான் கத்தினேன். அந்தக் காதில் அவருக்கு ஒன்றும் கேட்காது.

அவர் விழவில்லை. இருந்தார். தரையில் ஒரு ரயரில் சாய்ந்து, காலை நீட்டி, வேலை முடிந்து தேத்தண்ணி குடிக்க உட்கார்ந்திருப்பது மாதிரி. பிறகு மூக்கிலிருந்து இரத்தம் வந்தது.

நான் கார்த்திகனின் மணிக்கட்டைக் கடித்தேன். தோல் வாயோடு வந்தது. ஸ்பேனர் விழுந்தது. அதை எடுத்து அவன் தோளில் இரண்டு தரம் அடித்தேன். மூன்றாவதைத் தலைக்கு ஓங்கினேன். கஸ்டமர் என்னைப் பிடித்துக்கொண்டார். பிடித்திருக்காவிட்டால் அடித்திருப்பேன்.

பொலிஸ் ஜீப் வந்தது. கார்த்திகன் ஒரு கதை சொன்னான். அப்பாவும் ராசிக்கும் கூட்டுக் களவு, பற்றரி சிவபாலன் வீட்டில்தான் இருந்தது, மகளே கொண்டுவந்தாள் என்று. அடித்ததற்காக அவனையும், களவுக்காக ராசிக்கையும் ஒரே ஜீப்பில் ஏற்றினார்கள். நடக்க முடியாத ராசிக்கின் கையில் விலங்கு. பற்றரியைச் சான்றுப் பொருளாக எடுத்துக்கொண்டார்கள். என்னிடம் அடியைப் பற்றி மட்டும் கேட்டார்கள். அப்பாவின் தலையைத் துணியால் அழுத்திக்கொண்டு பதில் சொன்னேன்.

பெரியாஸ்பத்திரியில் தலையைத் திறந்து இரத்தக்கட்டியை எடுத்தார்கள். ஞாயிறு பின்னேரம் அப்பா கண் திறந்தார்.

"ராசிக் எங்கை?"

"சிறைச்சாலை ஆஸ்பத்திரியில. வழக்கு வரைக்கும் விளக்கமறியலாம்."

"என்னத்துக்கு?"

சொன்னேன். அவர் எழும்பப் பார்த்தார். ஊசிக் குழாய் இழுபட்டு இரத்தம் வந்தது. நானும் தாதியும் பிடித்துப் படுக்க வைத்தோம்.

"கழட்டினது நான். நான் சொல்ல வேணும்."

"நான் போய்ச் சொல்லுறன் அப்பா."

"நீ சொன்னா, தேப்பனைக் காப்பாத்தப் பொய் சொல்லுறாள் எண்டு சொல்லுவாங்கள். நாளைக்கு நானே போறன். டொக்டரைக் கேள்."

"தலையைத் தைச்சு ஒரு நாள் ஆகேல்லை."

"அப்ப பொலிசை இஞ்ச வரச் சொல்லு. பிள்ளைகுட்டிக்காரன் அவன், நான் போட்ட கோட்டுக்கு அடி வாங்கினவன்."

வார்ட்டிலிருந்த பொலிஸ்காரரிடம் சொன்னேன். காலையில் ஒருவர் வந்து வாக்குமூலம் எழுதுவார் என்றார். இரவு மறுபடியும் இரத்தம் கசிந்தது. திங்கள் அதிகாலை நாலு பத்துக்கு அப்பா இறந்தார்.

பதினொரு மணிக்குப் பொலிஸ் நிலையம் போனேன். ராசிக்கின் மனைவி பைறோஸா அங்கே மர வாங்கில் உட்கார்ந்திருந்தார். புதன்கிழமை வழக்கு. களவு முறைப்பாடு நின்றால் பிணை இல்லை என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். என்னைக் கண்டதும் அவர் எழும்பி எனக்கு இடம் விட்டார்.

களவுப் பிரிவு சார்ஜன்ட் கோப்பைப் புரட்டினார். சிங்களத்தில் சொன்னேன். பற்றரியைக் கழற்றியது அப்பா, களவு இல்லை, என் சார்ஜரில் முப்பத்தாறு மணி நேரம் நின்றது. அவர் தலை நிமிரவில்லை.

"கழற்றியவர்தான் வந்து சொல்ல வேண்டும். நீங்கள் மகள்."

இறந்துவிட்டார் என்று நான் இன்னும் சொல்லியிருக்கவில்லை. சொன்னால், கழற்றியவர் இனி வரப்போவதில்லை என்று ராசிக்கின் கதையும் முடிந்துவிடும். பைறோஸா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஹெட்ட உதே தாத்தா எக்க என்ன," என்றார் சார்ஜன்ட். நாளைக் காலை அப்பாவோடு வரட்டாம். அடையாள அட்டையையும் கொண்டுவரட்டாம்.

அட்டை என் பையில் இருந்தது. ஆஸ்பத்திரியில் அவருடைய உடுப்போடு சேர்த்துத் தந்திருந்தார்கள்.