குணாளனின் இடது இடுப்பு

டிசம்பரில் ஜார்ஜ் டவுனில் சிங்கே என்னும் கொடிக்கம்ப ஊர்வலம் வந்தால், பாயான் பாருவில் எங்கள் அடுக்குமாடிக்காரர்கள் கொடிகளைப் பார்க்கப் போவதில்லை. நான்காம் மாடிக் குணாளனைப் பார்க்கத்தான் போவோம். இருபத்தைந்து அடி மூங்கில், அதில் பெரிய கொடி. கையால் தொடாமல் நெற்றியில் தாங்கி நடப்பார். பிறகு இடது காலை ஊன்றிக் கம்பத்தை நழுவவிட்டு, வலது பாதத்தால் எத்துவார். அது அடுத்தவர் தோளில் போய் நிற்கும். சீனரும் மலாய்க்காரரும் தமிழரும் கலந்த குழுவில் இருபத்திரண்டு வருடமாக அந்த எத்து அவருடையது. கொஞ்சம் தலைக்கனம் உண்டு, மறைக்கவும் மாட்டார்.

குழுவில் அவர் போட்ட சட்டம் ஒன்று இருக்கிறது. ஜூலையில் பயிற்சி தொடங்கும் அன்று எல்லோரும் ஒற்றைக் காலில் முப்பது வினாடி நிற்க வேண்டும். தூக்கிய கால் பக்கம் இடுப்பு இறங்கினால் அந்த வருடம் கம்பத்தின் கீழ் இடமில்லை. கம்பம் சாய்ந்தால் கூட்டத்தின் தலையில் அல்லவா விழும்!

நாற்பத்தாறு வயதில் அவருக்கே இடது இடுப்பின் வெளிப்பக்கம் வலி வந்தது. ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை. யார் பேச்சையோ கேட்டு, உருட் என்கிற மலாய் மசாஜ் பிடிப்பவரிடம் போய் வலிக்கிற இடத்தையே அழுத்தித் தேய்க்கச் சொல்லி, வலியை இரண்டு மடங்காக்கிக்கொண்டு வந்தார். பிறகு எலும்பு டாக்டர் ஹுஸ்னா ஊசி போட்டு, உடற்பயிற்சியும் சொல்லிக்கொடுத்தார். வலி போயிற்று, பயிற்சியும் கூடவே போயிற்று. வலி திரும்பி வர, ஜூனில் இரண்டாவது ஊசி போட்டு, ஸ்கேனும் எடுத்தார்கள்.

"தசைய எலும்போட புடிச்சு வச்சிருக்கிற நாண் கிழிஞ்சிருக்குண்ணே. ஊசி வலியத்தான் அடக்கும், கிழிசல ஒட்டாது. இனிமே ஊசி போட மாட்டேன். ஆப்பரேஷன் பண்ணித் தைக்கணும்."

"வலியே இல்ல டாக்டர். டிசம்பர் முடியட்டும்லா."

ஜூலையில் அவர்தான் வரிசையில் முதல் ஆள், இடது காலில் நின்றார். குமுதா குழுவில் சேர்ந்து ஐந்து வருடம் ஆகிறது. அவள்தான் எதிரே நின்று கைப்பேசியில் படம் பிடித்தாள். பத்து வினாடிகூட ஆகவில்லை.

"அண்ணே, எறங்குது."

"வலிக்கவே இல்ல!"

"வலிக்குதான்னு நான் கேக்கலண்ணே. எறங்குது."

படத்தைக் காட்டினாள். வலது பக்க இடுப்பு மெல்லச் சரிந்தது. மூன்று முறை போட்டுப் பார்த்தார். ஆத்திரமாக வந்தது, குமுதா மேல் அல்ல, வலிக்காமல் ஏமாற்றிய அந்த இடுப்பின் மேல். "இந்த வருஷம் எனக்கு இடமில்ல. எத்துறது நீதான்," என்று அவளிடம் சொல்லிவிட்டு, மறுநாளே ஆப்பரேஷனுக்குத் தேதி வாங்கினார்.

ஆகஸ்ட்டில் நாணை எலும்போடு தைத்தார்கள். எல்லோருக்கும் முழுப் பலம் திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது என டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். ஆறு வாரம் ஊன்றுகோல். பிறகு ஒருநாள் விடாமல் பயிற்சி, மனைவி ரஜிதா பக்கத்தில் நின்று எண்ணிக்கொண்டே இருப்பாள். எல்லாம் செய்தார், ஒன்றைத் தவிர. பிடிமானத்தை விட்டு இடது காலில் தனியாக நிற்க அவருக்குப் பயம். மறுபடியும் இறங்கிவிட்டால்?

டிசம்பரில் முதல்முறையாகக் கூட்டத்தில் ஓர் ஆளாகச் சாலையோரம் நின்றார். "பொறாமையா இருக்கு," என்று ரஜிதாவிடம் வெளிப்படையாகவே சொன்னார். குமுதா நெற்றியில் கம்பத்தோடு வந்தாள். நேர் எதிரே இடது காலை ஊன்றினாள். கம்பம் நழுவியது.

"எத்து!" என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார் குணாளன்.

கம்பம் மேலே போய் அடுத்தவர் தோளில் நிமிர்ந்து நின்றது. கூட்டம் ஆர்ப்பரித்தது. குணாளனின் வலது பாதமும் அந்தரத்தில் இருந்தது. எப்போது தூக்கினார் என்று அவருக்கே தெரியாது.

ரஜிதா கொடியைப் பார்க்கவில்லை. அவர் இடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எறங்கலங்க," என்றாள். "அப்படியே நில்லுங்க, நான் எண்ணுறேன்."