என் பெயரில் வந்த பதில்கள்

உசிலம்பட்டிக் கடையிலிருந்து ஒருவர் கேட்பார், ஒன்றரை இஞ்ச் வால்வு இருக்கிறதா என்று. அவர் கைப்பேசியைக் கீழே வைப்பதற்குள் என் புகைப்படத்தோடும் பெயரோடும் பதில் போய்விடும்: "வணக்கம். தற்போது குடோனில் இருப்பு உள்ளது. எத்தனை தேவை என்று தெரிவிக்கவும்." அந்த நேரத்தில் நான் ஆரப்பாளையம் பேருந்தில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருப்பேன், அல்லது வீட்டில் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருப்பேன். அந்தப் பதிலை எழுதியது நான் இணைத்துவிட்ட ஏஐ ஏஜென்ட். அதை என்னுடைய அக்கவுண்டிலேயே இணைத்திருந்ததால், அது பேசியதெல்லாம் நான் பேசியதாக ஆனது.

செல்லூரில் மோட்டார் பம்பும் பைப்பும் மொத்த வியாபாரம் செய்யும் நிறுவனத்தில் எனக்கு வேலை. கீழே குடோன், மேலே அலுவலகம். பக்கத்துச் சந்தில் விசைத்தறி ஓடும் சத்தத்தில் ஃபோனில் எதையும் இரண்டு முறை சொல்ல வேண்டியிருக்கும். அதனாலேயே எல்லோரும் எழுதிக் கேட்கப் பழகியிருந்தார்கள். சுற்று வட்டாரக் கிளைகள், குடோன் ஆட்கள், லாரி ஓட்டுநர்கள் எல்லோரும் ஒரே ஆப்பில், ஒரே குழுவில் இருந்தார்கள். முதலாளி மட்டும் அதில் இல்லை. மாலையில் என் மேசைப் பக்கம் வந்து, "என்ன சொல்றாய்ங்க இன்னைக்கு?" என்பார். நான் வாசித்துச் சொல்வேன்.

ஏஜென்டை இணைக்க இரண்டு வழிகள் இருந்தன. முறையான வழி, அதைத் தனி உறுப்பினராகப் பதிவு செய்வது. அதற்கு அந்த ஆப்பில் எங்கள் குழுவுக்கு உரிமையாளர் யாரோ அவருடைய அனுமதி வேண்டும். குறுக்கு வழி, ஏற்கெனவே உள்ள ஒருவரின் அக்கவுண்டிலிருந்து, கடவுச்சொல் மாதிரி ஒரு சாவியை எடுத்து அதன் கையில் கொடுப்பது. அப்புறம் அது அவராகவே பேசும்.

உரிமையாளர் யார் என்று பார்த்தால், முதலாளியின் மனைவியுடைய தம்பி. விற்பனையை அவர் பார்த்துக்கொண்ட காலத்தில் அவர்தான் இந்தக் குழுவைத் தொடங்கி, ஒவ்வொருவராகச் சேர்த்தவர். முதலாளி மகளின் காதுகுத்தில் அவர் கொண்டுவந்த தாய்மாமன் சீர் ஊர்வலம் பாலத்து நெரிசலில் மாட்டிக்கொண்டது. முகூர்த்தம் போகிறதென்று முதலாளி பிள்ளையை வேறொருவர் மடியில் உட்காரவைத்துக் குத்தச் சொல்லிவிட்டார். தாய்மாமன் மேளத்தோடு மண்டபத்துக்குள் நுழைந்தபோது பிள்ளை அழுது முடித்து ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்ததாம். அன்றைக்கு அலங்காநல்லூருக்குப் போனவர்தான். அங்கே மாட்டுத்தீவனக் கடை வைத்துவிட்டார். குழு மட்டும் அவர் பெயரிலேயே ஓடிக்கொண்டிருந்தது. அதை மாற்றவேண்டுமென்றால் அவரிடம் பேச வேண்டும். யாரும் பேசவில்லை.

நான் ஆப் வழியாக அனுமதி கேட்டு அனுப்பினேன். பதில் இல்லை. கோடை வந்துகொண்டிருந்தது. எங்களுக்கு அதுதான் பம்பு விற்கும் காலம். முதலாளி சொன்னார்: "அவன எதுக்குப் போய்க் கேட்டுக்கிட்டு? உன் பேர்லயே போட்டு விடும்மா. நீ எங்க போகப் போற."

பிரியமாகத்தான் சொன்னார். சரி சார் என்றேன்.

முதல் வாரம் வேடிக்கையாக இருந்தது. குடோனைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் மாடிப்படி ஏறி வந்து சொன்னார்: "ஏந்தாயி, இம்புட்டு மரியாதையா நீ பேச மாட்டியே. நேத்து எனக்கு 'தயவுசெய்து'ன்னு போட்டுருக்க. எம் பொண்டாட்டி அதப் பாத்துட்டு, யாருய்யா அந்தப் பொம்பளைங்கிறா."

"மெஷினுன்னு சொல்ல வேண்டியதுதானண்ணே."

"சொன்னேனே. மெஷினே மதிக்குது, நான்தான் மதிக்கலையாக்கும்னு அதுக்கு வேற சண்ட."

பிறகு வேடிக்கை குறைந்தது. மேலூர்க் கடைக்காரர் ஏஜென்டின் பதிலை நம்பி ஒரு விவசாயிக்கு மோட்டாரை உறுதி சொல்லிவிட்டார். அந்த மோட்டார் காலையிலேயே வேறு கிளைக்கு லாரி ஏறியிருந்தது. குடோனில் பதிவு மட்டும் இன்னும் போடவில்லை. ஏஜென்ட் பதிவைத்தான் பார்க்கும். அவர் என்னைக் கூப்பிட்டார்.

"நீதானம்மா இருக்குன்ன."

"அது நான் இல்லண்ணே."

"ஓம் மூஞ்சிதான இருக்கு."

மூஞ்சி என்னுடையதுதான். அதற்குப் பிறகு என் காலை இப்படி ஆனது: எழுந்ததும் நான் என்னவெல்லாம் சொல்லியிருக்கிறேன் என்று படிப்பது, சொன்னதில் தப்பு எது என்று குறித்துக்கொள்வது, சொல்லாததற்கு மன்னிப்புக் கேட்பது, அப்புறம் பல் தேய்ப்பது. சொந்தக்காரக் கல்யாணப் பந்தியில் இலை முன்னால் உட்கார்ந்தபோதும் பைக்குள் கைப்பேசி அதிர்ந்தால் நான் யாருக்கோ வாக்குக் கொடுக்கிறேன் என்று அர்த்தம். கடவுச்சொல்லை மாற்றினால் ஏஜென்ட் நின்றுவிடும். அக்கவுண்டிலிருந்து வெளியே வந்தாலும் நின்றுவிடும். புகைப்படத்தையாவது எடுத்துவிடலாமென்று ஒரு செம்பருத்திப் பூவை வைத்தேன். அன்றிலிருந்து பூ பேசியது.

கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் எனக்கு வேலை கிடைத்தது. சேரும் நாளில் பழைய இடத்து ரிலீவிங் லெட்டர் கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த இடம் அடுத்தவருக்கு. முதலாளியிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"லெட்டர்தான, தாரேன். ஆனா நீ போனா இதுவும் நின்னு போகுமாமே, குடோன்ல பேசிக்கிறாய்ங்க. அது நிக்காமப் பாத்துக்க. பாத்துட்டு வந்து வாங்கிக்க."

மேசையில் உட்கார்ந்து வழிகளை எழுதினேன். ஒன்று, புதிதாக வேறு குழு தொடங்குவது. பழைய பேச்சு, விலை, ஆர்டர் எல்லாம் போய்விடும், முதலாளி ஒப்பவில்லை. இரண்டு, நான் போன பிறகும் என் அக்கவுண்டைத் திறந்தே வைத்திருப்பது. கோவையில் வேறு சம்பளம் வாங்கிக்கொண்டு செல்லூரில் வால்வு விற்றுக்கொண்டிருப்பேன், நான் ஒப்பவில்லை. மூன்று, அலங்காநல்லூர். முதலாளியைக் கேட்டேன், ஒரு வார்த்தை நீங்கள் பேசினால் போதும் சார் என்று. கேட்காதவர்போல மின்விசிறியைப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை நானே பஸ் ஏறினேன்.

கடை முழுக்கப் புண்ணாக்கு வாசனை. அவர் ஒருவருக்குத் தவிடு நிறுத்துக்கொண்டிருந்தார். நான் யாரென்று சொன்னதும் தலையைத் தூக்கினார்.

"செம்பருத்திப் பூவு. நீதானா அது."

"அனுமதி கேட்டு அனுப்பியிருந்தேண்ணே. நீங்க பாக்கல போல."

"பாத்தேன். நீ கேட்ட. அவரு கேக்கலையே."

"நான் கேட்டாப் பத்தாதாண்ணே?"

"உனக்குன்னாப் பத்தும். இது உனக்கா?" ஸ்டூலைக் காட்டினார். "கோடைக்கு முந்தி வரைக்கும் நீ 'ம், இருக்கு'ன்னுதான் போடுவ. திடீர்னு வணக்கம் வைக்கவும் தெரிஞ்சு போச்சு, இது வேற ஆளுன்னு."

"இன்னும் படிக்கிறீங்களாண்ணே?"

"எந்த லாரி எப்பக் கெளம்புச்சுன்னு பாக்காம எனக்குக் காப்பி எறங்காதும்மா." வெட்கமில்லாமல் சொன்னார். தவிட்டு மூட்டையின் வாயைச் சணலால் கட்டி, வந்தவரை அனுப்பிவிட்டு, என் பக்கம் திரும்பினார். நான் லெட்டரைப் பற்றிச் சொன்னேன். சேரும் தேதியைச் சொன்னேன். முதலாளி என்ன சொல்லியிருக்கிறார் என்பதையும் சொன்னேன்.

"புடிச்சு வச்சுக்கிட்டாராக்கும்," என்றார். பிறகு கைப்பேசியை எடுத்தார். "அனுமதியெல்லாம் குடுக்க மாட்டேன். அது அவருக்கு நான் பாக்குற வேல. மொத்தத்தையும் ஒன் பேருக்கு மாத்தி விட்டுர்றேன். அப்புறம் நீயாச்சு, ஒங்க மொதலாளியாச்சு."

"அண்ணே, எனக்கு வேணாம்ணே. நீங்க..."

என் கைப்பேசி அதிர்ந்தது. இனி நீங்கள்தான் இந்தக் குழுவின் உரிமையாளர் என்று அது என்னை வாழ்த்தியது.

"டீ சொல்லிருக்கேன். குடிச்சுட்டுப் போ," என்றார்.

திரும்பும் பஸ்ஸில் முதல் வேலையாக ஏஜென்டைத் தனி உறுப்பினராகப் பதிவு செய்தேன். என் அக்கவுண்டின் சாவியை அதனிடமிருந்து பிடுங்கினேன். யாரோ பைப் கேட்டார்கள். பதில் அதன் பெயரிலேயே வந்தது. என் பூ பேசவில்லை. ஊமச்சிகுளம் தாண்டும் வரை அந்தச் சந்தோஷம் இருந்தது.

பிறகு என் அக்கவுண்டை மூடும் இடத்துக்குப் போய்ப் பார்த்தேன். உரிமையாளரின் அக்கவுண்டை மூட முடியாது. உரிமையைக் குழுவில் இருக்கும் வேறொருவருக்கு மாற்றிய பிறகுதான் அவர் வெளியேறலாம். முன்பு என் பெயர் மட்டும் உள்ளே மாட்டியிருந்தது. இப்போது கதவே என் முதுகில் இருந்தது.

மறுநாள் குடோன் அண்ணனிடம் கேட்டேன், உங்களுக்கு மாற்றிவிடட்டுமா என்று. கையெடுத்துக் கும்பிட்டார்.

"எனக்கு வேணாம் தாயி. இன்னைக்கு உன்னைய விட மாட்டேங்கிறாரு. நாளைக்கு என்னைய ரிட்டயரு ஆக விட மாட்டாரு."

"வேற யாருக்குண்ணே குடுக்கலாம்?"

"யாருக்குக் குடுத்தாலும் அவன் ஒருநா கோவிச்சுக்கிட்டுப் போவான். மறுபடி நீ தீவனக் கடைக்குப் போணும். மாடியில இருக்குறவருகிட்டப் போய்ச் சொல்லு."

முதலாளி அறைக்குப் போய் நடந்ததை வரிசையாகச் சொன்னேன். எல்லாவற்றையும் விட்டுவிட்டு அவர் ஒன்றைப் பிடித்துக்கொண்டார்.

"உனக்குக் குடுத்தானா? எனக்குக் குடுக்க மனசு வரல."

"நீங்க அதுல இல்ல சார். இல்லாதவங்க பேருக்கு மாத்த முடியாது."

"அவன் கட்டுன எடத்துக்குள்ள நான் எதுக்கு வரணும்?"

"இப்ப அது அவரு எடம் இல்ல சார். என்னோடது. நான் கூப்பிடுறேன். அழைப்பு என் பேர்லதான் வரும்."

அவர் சிரித்தார். "அப்ப உன்னோடதாவே இருக்கட்டும். இங்கயே இரு. சம்பளத்தக் கூட்டித் தாரேன். கோயம்புத்தூர்ல என்ன, இதவிடத் தண்ணி நல்லா வருமா?"

"நான் இருக்க மாட்டேன் சார். நான் போனாலும் இது எங்கிட்டத்தான் இருக்கும். எந்தக் கடைக்கு என்ன வெல போடுறீங்க, எவன் எம்புட்டுப் பாக்கி, எல்லாத்தையும் நான் அங்க உக்காந்து படிக்கலாம். படிக்க மாட்டேன். ஆனா படிக்கலாம்."

"மெரட்டுறியா?"

"இல்ல சார். இருக்குறதச் சொல்றேன்."

அவர் மேசையில் விரலால் ஏதோ எழுதினார், அழித்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்து என் பக்கம் நீட்டினார். "எங்க அமுக்கணும்?"

அழைப்பை அனுப்பினேன். உள்ளே வந்தார். உரிமையை அவர் பெயருக்கு மாற்றினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு உறுப்பினர் பட்டியலை மேலிருந்து கீழே தள்ளினார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"அவன் இன்னும் இருக்கானா இதுல?"

"இருக்காரு சார். தினமும் படிக்கிறாரு."

"நான் எழுதுனா அவனுக்குத் தெரியுமா?"

"தெரியும் சார்."

"அப்ப நான் ஒண்ணும் எழுதல. நீ எப்பவும்போலப் படிச்சுச் சொல்லு."

"நான் இருக்க மாட்டேன் சார்," என்று மறுபடி சொன்னேன். மைத்துனரைக் குழுவிலிருந்து எடுத்துவிட வேண்டுமென்றால் எந்த இடத்தில் அமுக்க வேண்டும் என்றும் காட்டினேன். பார்த்துக்கொண்டார். அமுக்கவில்லை. திரையை மேலே தள்ளி, காலையிலிருந்து கிளைகள் எழுதியிருந்ததை உதடு அசைய ஒவ்வொன்றாகப் படிக்கத் தொடங்கினார்.

டைப் செய்து வைத்திருந்த லெட்டரை அவர் முன் வைத்தேன். படித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகுதான் என் அக்கவுண்டை மூடச் சொன்னேன். அக்கவுண்டை மூடும் அதிகாரம் உரிமையாளருக்குத்தான், அதனால் அதை இனி அவர்தான் செய்ய வேண்டும். பூவைத் தேடிப்பிடித்து, "இதானம்மா?" என்று கேட்டு அமுக்கினார்.

என் கைப்பேசியில் ஆப் ஒரு முறை வெள்ளையாகி, யார் நீங்கள் என்று கேட்டது. லெட்டரைக் கோப்பில் வைத்துக்கொண்டு படி இறங்கினேன்.