கொப்பியை விடாத அக்கா

ஒரு வீட்டில் பல வருடம் சம்பளமில்லா அடிமையாக இருந்ததைப் பற்றி அந்த அக்கா ஒரு கொப்பி நிறையக் கையால் சுயசரிதை எழுதியிருந்தார். ஜெர்மனியில், பீலெஃபெல்டில் இருந்த என் வீட்டுக்கு வந்து அவர் வாசிப்பார். நான் கணினியில் தட்டுவேன். கைப்பை வாரை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு, கதவைப் பார்த்தபடிதான் உட்காருவார். கொப்பியை ஒருநாளும் விட்டுப் போகமாட்டார். எனக்கு எரிச்சல். அடி உதை ஒன்றுமே எழுதவில்லையே, கதை கட்டுகிறாரோ என்ற சந்தேகமும் இருந்தது.

"கொப்பியை வைச்சிட்டுப் போங்கோ அக்கா. நான் கவனமா வைச்சிருப்பன்" என்றேன்.

"என்ரை பாஸ்போட்டையும் அந்த வீட்டுக்காரர் இப்பிடிச் சொல்லித்தான் வாங்கினவை. அடிக்கேல்லை, தம்பி. கவனமா வைச்சிருந்தவை. என்னையும்தான்."

"இதையும் எழுதட்டோ?" என்று கேட்டேன்.

அவர் என்னையே பார்த்தபடி, வாரை இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டார்.