பயணம் சொன்னவரின் பாட்டுப்பெட்டி

லெப்பைக்குடிக்காட்டு ஜபருல்லாவுக்குப் பாதி உயிர் எப்போதும் வேறெங்கோ இருக்கும். ஷார்ஜாவில் இருந்தவரை அது வெள்ளாற்று மணலில் உலாவிக்கொண்டிருந்தது. லீவில் ஊருக்கு வந்தால் ஷார்ஜா டீக்கடைகளின் கண்ணாடிக் கதவுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். இப்படி ஒரு மனிதரை வைத்துக்கொண்டு, மகள் அஸ்ரினையும் வளர்த்துக்கொண்டு, மனைவி சாகிரா பன்னிரண்டு வருடம் குடும்பம் நடத்தியதே பெரிய காரியம். அதிலும் முக்கால்வாசி போனிலேயே நடந்த குடும்பம்.

அங்கே அவருக்கு வேலை, காசு போட்டால் பாடும் பெட்டிகளைப் பழுது பார்ப்பது. பெட்டி முதலாளியுடையது, இடம் கடைக்காரருடையது, விழுகிற காசில் ஆளுக்குப் பாதி. இசைத்தட்டுக் காலத்தில் தொடங்கி, சி.டி. வந்து, அதுவும் போய், விரல்நகம் அளவு மெமரி கார்டில் வந்து நின்ற தொழில் அது. கடைசியில் செல்போன் வந்து எல்லாப் பெட்டிகளின் வாயையும் அடைத்தது. முதலாளி கம்பெனியை மூடும்போது ஒரு பெட்டியை ஜபருல்லாவுக்கே கொடுத்துவிட்டார். அவர் அதைக் கார்கோவில் ஏற்றிவிட்டு, வேறு கம்பெனி விசாவுக்கும் சொல்லி வைத்துவிட்டு, ஊருக்கு வந்தார்.

வளைகுடாவுக்குத் திரும்பும் முன் உறவுக்காரர் வீடுகளுக்கெல்லாம் போய் ஸலாம் சொல்லி விடைபெறுவதை அந்த ஊரில் பயணம் சொல்வது என்பார்கள். சொல்லிவிட்டால் போய்த்தான் ஆக வேண்டும். புது விசா வந்ததும் ஜபருல்லா பழக்க தோஷத்தில் எல்லா வீட்டிலும் பயணம் சொல்லி முடித்தார். மறுநாள் பெட்டி பெரம்பலூருக்கு வந்து இறங்கியது. ஒயரைச் செருகினார். மஞ்சளும் நீலமுமாக விளக்குகள் மெல்ல எரியத் தொடங்கியதைப் பார்த்துக்கொண்டே நின்றவர், விமானத்தை விட்டுவிட்டார்.

பெட்டியைப் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு ஓரம் செல்லமுத்துவின் டீக்கடையில் வைத்தார்கள். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு எவனாவது நெய்க்கு அலைவானா என்று செல்லமுத்து கேட்டார். அவர் கேட்டதிலும் தப்பில்லை. எல்லோர் சட்டைப்பையிலும் போன் இருந்தது, போன் நிறையப் பாட்டு இருந்தது. செல்லாது என்று யாரோ கிளப்பிவிட்ட புரளியால் எந்தக் கடையிலும் வாங்காத பத்து ரூபாய் நாணயத்தைத் தள்ளிவிடத்தான் இரண்டொருவர் வந்தார்கள்.

ஜபருல்லாவுக்கு நம் ஆட்களைத் தெரியும். திருவிழா மைக்கில் நன்கொடை கொடுத்தவர் பேரை வாசிக்கும்போது, அந்த ஆள் கேட்காததுபோல் வேறு பக்கம் திரும்பிக்கொள்ளும் அழகைப் பார்த்திருக்கிறார். பெட்டியில் ஒரு மைக்கைப் பொருத்தினார். காசு போட்டுப் பேரைச் சொன்னால், அதை முதலில் ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டுப் பிறகு பெட்டி பாடும். அவ்வளவுதான், கூட்டம் பிடித்துக்கொண்டது. மத்தியான வெயிலில் அரியலூர் பக்கமிருந்து சுண்ணாம்புக்கல் லாரிகள் வெள்ளைத் தூசியோடு போய்க்கொண்டிருக்கும். அந்தத் தூசிக்குள்ளிருந்து வேப்பந்தட்டைத் தமிழழகன் பேர் மிதந்து வரும், பின்னாலேயே பாட்டு வரும். பஸ்ஸுக்கு நிற்பவர்கள் பஸ்ஸை மறந்து நிற்பார்கள். ஜபருல்லா கல்லாவோரம் கண்ணை மூடியபடி, தான் எந்த ஊரில் இருக்கிறோம் என்பதே தெரியாமல் உட்கார்ந்திருப்பார்.

பெட்டி பிழைத்துக்கொண்டது. அவருக்குத்தான் ஊருக்குள் நடக்க முடியவில்லை. பள்ளிவாசல் வாசலில், கறிக்கடையில், எங்கே பார்த்தாலும் ஒரே கேள்வி: "இன்னும் பயணம் போகலையா?" சந்து சந்தாகப் புகுந்து வீடு சேர்ந்தார். புது விசாக்காரர்கள், வருகிறாரா இல்லையா என்று வெள்ளிக்கிழமைக்குள் பதில் கேட்டிருந்தார்கள். இருப்பதா போவதா என்று சாகிரா ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று அவர் ஏங்கிப் போயிருந்தார்.

அவளோ, "மசாலாப் பொடி அரைச்சு வைக்கவா?" என்று மட்டும் கேட்டாள். ஒவ்வொரு பயணத்துக்கும் அரைக்கிற பொடிதான். போகச் சொல்கிறாள் என்று அவருக்கு நெஞ்சு வலித்தது. "அரைச்சு வை" என்றார். போகத் துடிக்கிறார் என்று அவளுக்கு வலித்தது. மிளகாயை வறுக்கும்போது எரிந்தது கண்ணா மனசா என்று அவளுக்கே தெரியவில்லை.

வியாழக்கிழமை டீக்கடை வாசலில் கறுப்பு புர்காவில் ஒரு பெண் வந்து நின்றாள். ஆண்கள் நிறைந்த கடைக்குள் பெண்கள் வருவதில்லை, அதனால் பேச்சு தானாக அடங்கியது. அவள் நேராகப் பெட்டியிடம் போய்க் காசைப் போட்டு, மைக்கைக் கையில் எடுத்தாள். குரலைக் கேட்ட பிறகுதான் ஜபருல்லா கண்ணைத் திறந்தார்.

"லெப்பைக்குடிக்காட்டுலேருந்து அஸ்ரினோட அம்மா பேசுறேன். அஸ்ரினோட அத்தா இனிமே பயணம் போகலை. எப்பப் போறீங்கன்னு யாரும் அவங்களைக் கேக்காதீங்க. எனக்கு அவங்க இங்க வேணும்."

பெட்டி அதை அப்படியே பஸ் ஸ்டாண்டு முழுக்கச் சொன்னது. லெப்பைக்குடிக்காட்டு பஸ்ஸுக்கு நின்றவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு பாட்டு தொடங்கியது.

ஜபருல்லா எழுந்துபோய் அவள் பக்கத்தில் நின்றார். இதை வீட்டிலேயே சொல்லியிருக்கக் கூடாதா என்று மெதுவாகக் கேட்டார்.

"எதிர்ல நின்னா உங்ககிட்ட எனக்குப் பேச வராதுங்க. இத்தனை வருசமா போன்லயே பேசிப் பழகிருச்சு."

அவருக்கும் பேச வரவில்லை. சட்டைப்பையில் கையை விட்டு ஒரு பத்து ரூபாய் நாணயம் இருக்கிறதா என்று தேடினார்.